மெத்தை விளம்பரத்துக்குப் பின்னால் நிற்கும் வேகப் பலகை

அனுப்புநர்:
நில அளவைப் பயிற்சிப் பள்ளியின் ஓய்வுபெற்ற ஆசிரியர், வயது 74
(பெயர், முகவரி, வண்டி எண் ஆகியவை இணைப்பு 1-இல் உள்ள உரிம நகலில் உள்ளவாறு)

பெறுநர்:
நெடுஞ்சாலைப் போக்குவரத்துக் கண்காணிப்பாளர் அவர்கள்

பொருள்: புறவழிச் சாலையின் பதினேழாவது கிலோமீட்டரில் உள்ள வேக வரம்புப் பலகை, கேமரா நிறுத்தும் இடம் – இரண்டு மாதங்களில் மூன்று நோட்டீஸ்கள் – உரிமத்தை ஒப்படைக்கும்படி வந்த உத்தரவு – மறுபரிசீலனை கோருதல்.

மதிப்பிற்குரிய கண்காணிப்பாளர் ஐயா,

1. நான் நாற்பத்தொரு ஆண்டுகளாகக் கார் ஓட்டுகிறேன். இந்த ஆண்டுக்கு முன்னால் ஒரு நோட்டீஸ்கூட வாங்கியதில்லை. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. தங்கள் பதிவேட்டில் சரிபார்க்க எளிது என்பதால் முதலில் வைக்கிறேன்.

2. என் மனைவிக்குச் செவ்வாய், வியாழன், சனி ஆகிய மூன்று நாள்களும் டயாலிசிஸ். காலை ஏழு மணிக்குப் படுக்கையில் இருக்க வேண்டும். எங்கள் பகுதிக்கு முதல் பேருந்து எட்டு மணிக்குத்தான் வருகிறது. சிகிச்சை முடிந்ததும் அவளால் பத்து நிமிடம் சேர்ந்தாற்போல் நிற்க முடியாது. ஆகவே நான்தான் ஓட்டுகிறேன். மருத்துவமனைக்கு வேறு சாலை இல்லை.

3. முதல் நோட்டீஸ்: வரம்பு 40, என் வேகம் 58. அந்தச் சாலையில் வரம்பு 60 என்றே நினைத்திருந்தேன். ஆனால் முப்பத்தொரு ஆண்டுகள் மாணவர்களுக்கு நான் சொல்லிக்கொடுத்த முதல் பாடம், கருவியும் கண்ணும் முரண்பட்டால் முதலில் கண்ணைச் சந்தேகப்பட வேண்டும் என்பது. எனவே என்னைச் சந்தேகப்பட்டேன். வயதாகிவிட்டது, பலகையைக் கவனிக்கவில்லை போலும் என்று அன்று மதியமே அபராதத்தைக் கட்டிவிட்டேன். டயர் கடை வைத்திருக்கும் என் மைத்துனர், "மாமா, உங்க வேகத்துக்கே நோட்டீஸா? நத்தையைப் பிடிச்சு ஏன் ஓடுறேன்னு கேட்ட மாதிரி இருக்கு" என்று நாலு பேர் முன்னால் சிரித்தார்.

4. அடுத்த பயணத்தில் அந்தப் பலகையைத் தேடிக்கொண்டே சென்றேன். பேருந்து நிழற்குடையை ஒட்டி நிற்கும் பெரிய மெத்தை விளம்பரத் தட்டிக்குப் பின்னாலிருந்து 40 என்ற பலகை திடீரென்று வெளிப்பட்டது. பிரேக்கை மிதித்தேன். ஊசி குத்தும் கையை மடியில் வைத்திருந்த மனைவி முன்னால் சரிந்து, அந்தக் கை டாஷ்போர்டில் இடித்தது. அன்று அந்தக் கையில் ஊசி ஏற்ற நர்ஸ் நான்கு முறை முயல வேண்டியிருந்தது. நிழற்குடைக்கு அப்பால் முக்காலியில் கேமரா நின்றது. பதிவான வேகம் 51. இரண்டாவது நோட்டீஸ் அப்படி வந்தது. அதையும் கட்டினேன். 51 என்பது 40-ஐவிட அதிகம் என்பதில் எனக்கு ஐயம் எழவில்லை.

5. கேமரா எல்லா நாளும் அங்கே நிற்பதில்லை. முதல் நோட்டீஸ் வருவதற்கு முன்பு, அது இல்லாத நாள்களில், அறியாமல் நானும் 58-இல் சென்றிருப்பேன். அதை மறைக்க விரும்பவில்லை.

6. மூன்றாவது நோட்டீஸை விளக்குவது எனக்குக் கூச்சமாக இருக்கிறது. மனைவியின் கை மறுபடியும் இடிக்கக்கூடாது என்பதற்காக, அவளைப் பின்னிருக்கைக்கு மாற்றி, பலகைக்கு ஐந்நூறு மீட்டர் முன்பிருந்தே வேகத்தைக் குறைத்தேன். நாற்பதில் கருவிப் பிழைக்கு ஆறும், என் பிழைக்கு ஆறும் கழித்து 28-இல் ஓட்டினேன். ரோந்து வண்டி மறித்தது. "பெரியவரே, என்ன ஊர்வலமா போறீங்க? பின்னாடி எத்தனை வண்டி நிக்குதுன்னு கண்ணாடில பாத்தீங்களா?" என்று காவலர் கேட்டார். பார்த்திருந்தேன்; பதினொன்று. அதற்குள் பின்னிருக்கையிலிருந்து என் மனைவி, "போன மாசம் வேகமாப் போனார்னு அனுப்புனீங்க, இப்ப மெதுவாப் போறார்னு பிடிக்கிறீங்க. எந்த வேகத்துல போகணும்னு ஒரு தாள்ல எழுதிக் குடுங்க தம்பி, கண்ணாடில ஒட்டிக்கிறோம்" என்றாள். காவலர் சிரித்துவிட்டார். சிரித்துக்கொண்டே போக்குவரத்துக்கு இடையூறு என்று எழுதிக் கொடுத்தார்.

7. ஆக, அதிவேகத்துக்கு இரண்டு, குறைவேகத்துக்கு ஒன்று, எல்லாம் ஒரே இடத்துக்காக. மூன்று சேர்ந்ததால் ஆறு மாதத்துக்கு உரிமத்தை ஒப்படைக்க உத்தரவு வந்திருக்கிறது. ஆறு மாதத்தில் எழுபத்தெட்டு முறை சிகிச்சை.

8. தங்கள் அலுவலகத்துக்கு நேரில் வந்தேன். மூன்றாம் எண் சன்னலில் இருந்த எழுத்தர், "பணம் கட்டினா குத்தத்தை ஒத்துக்கிட்டதா அர்த்தம். ரெண்டு தடவை ஒத்துக்கிட்டு இப்ப வந்து இல்லைங்கறீங்களே" என்றார். அவர் சொன்னது சரிதான். பலகை சாலைத் துறையுடையது, தட்டி நகராட்சியுடையது, கேமரா மட்டும்தான் எங்களுடையது என்றும் விளக்கினார். சாலைத் துறையில் தட்டியை எடுக்கச் சொன்னார்கள். நகராட்சியில் பலகையை நகர்த்தச் சொன்னார்கள்.

9. நான் மாணவர்களுக்குச் சொன்ன பாடத்துக்கு இரண்டாம் பகுதி ஒன்று உண்டு: கண்ணைச் சந்தேகப்பட்ட பிறகு, கருவி நிற்கும் இடத்தைப் போய்ப் பார்க்க வேண்டும். அதைச் செய்யாமல் பணம் கட்டியது என் தவறு. கடந்த ஞாயிறு காலை ஐம்பது மீட்டர் நாடாவுடன் சென்று அளந்தேன். மைத்துனர் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். ஒரு லாரி ஓட்டுநர் வண்டியை நிறுத்தி, "ரோட்டையே வாங்கப் போறீங்களா?" என்று விசாரித்துவிட்டுப் போனார்.

10. பலகை ஓட்டுநரின் கண்ணுக்குத் தெரியத் தொடங்குவது அதற்கு 22.4 மீட்டர் முன்னால். பலகையிலிருந்து முக்காலிக்கால் பதிந்த குழிவரை 18.1 மீட்டர். மொத்தம் 40.5. மூன்று முறை அளந்த அளவுகளும் வரைபடமும் இணைப்பு 2-இல் உள்ளன. என் கால் ஒரு மிதியிலிருந்து மற்றொன்றுக்கு மாற 1.4 விநாடி ஆகிறது. சமையலறை நாற்காலியில் என்னை உட்காரவைத்து மனைவி பத்து முறை கடிகாரம் பார்த்துச் சொன்னாள். 58-இல் செல்லும் வண்டி அதற்குள் 22.6 மீட்டர் ஓடிவிடும். அதாவது என் கால் பிரேக்கைத் தொடும்போது பலகை என்னைக் கடந்திருக்கும்.

11. கிழவனின் கால் மெதுவானது என்று தாங்கள் நினைக்கலாம்; நானும் நினைத்தேன். ஆனால் இன்று காலை மைத்துனர் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தார். அவருக்கு வயது நாற்பத்தைந்து. அதே இடம், வரம்பு 40, வேகம் 47. அவர் சம்மதத்துடன் நகலை இணைப்பு 3 ஆக வைத்திருக்கிறேன். நத்தையைப் பற்றி அவர் இப்போது பேசுவதில்லை.

12. தங்களிடம் வேண்டுவது: தட்டியோ பலகையோ, ஏதாவது ஒன்றை நகர்த்த உரியவர்களுக்கு எழுத வேண்டும். அதுவரை கேமராவை நூறு மீட்டராவது தள்ளி நிறுத்த வேண்டும். நான் அபராதம் கட்டியதைக் குற்ற ஒப்புதலாகக் கொள்ளாமல், ஒரு ஆசிரியரின் அவசரமாகக் கொண்டு, உரிமத்தை ஒப்படைக்கும் உத்தரவை மறுபரிசீலனை செய்ய வேண்டும். கட்டிய பணத்தைத் திருப்பிக் கேட்கவில்லை. மூன்றாவது நோட்டீஸை ரத்து செய்யும்படியும் கேட்கவில்லை; பதினொரு வண்டிகள் எனக்காகக் காத்திருந்தது உண்மை.

13. இம்மனுவை மனைவிக்குப் படித்துக் காட்டினேன். "இவ்வளவு பவ்யமா எழுதினா யாருங்க அசைவாங்க? ஒரு வரியாவது கோபமா எழுதுங்க" என்றாள். ஆகவே, நான் மிகுந்த கோபத்தில் இருக்கிறேன் என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

14. இவ்வளவுக்குப் பிறகும் உரிமத்தை ஒப்படைத்தே ஆக வேண்டும் என்று தாங்கள் முடிவு செய்தால், கீழ்ப்படிவேன். ஆனால் உத்தரவில் குறித்திருப்பது வரும் வியாழன் காலை பத்து மணி. அது சிகிச்சை நாள். பத்து மணிக்கு உரிமத்தைத் தங்கள் மேசையில் வைத்துவிட்டால், பதினொன்றரைக்கு அவள் படுக்கையிலிருந்து எழும்போது காரை எடுக்க எனக்கு உரிமை இருக்காது. தயவுசெய்து நேரத்தை மதியம் மூன்று மணிக்காவது மாற்றிக் கொடுங்கள். அவளை வீட்டில் இறக்கிவிட்டு, தங்கள் அலுவலகத்துக்கு நடந்தே வந்துவிடுகிறேன். தூரம் 6.2 கிலோமீட்டர். அதையும் அளந்துவிட்டேன்.

நாள்: திங்கட்கிழமை, மாலை
இடம்: வீடு

தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
(கையொப்பம்)
மனுதாரர்

இணைப்பு: 1. உரிம நகல், மூன்று நோட்டீஸ்கள். 2. அளவுகள், வரைபடம். 3. மைத்துனரின் நோட்டீஸ். 4. மருத்துவமனையின் சிகிச்சை அட்டவணை.