நூறு வேகத்தில் ஒரு மணி நேரம்

தொயோஹாஷி
1999 ஜூன் 3

அன்புள்ள கணவருக்கு,

மழை பிடித்துக்கொண்டது, துணி எதுவும் காயவில்லை. கம்பெனி உங்களை ஹிமேஜிக்கு மாற்றி, நீங்கள் தனியே போன பிறகு இது நாலாவது மழைக்காலம். நலம்தானே?

நீங்கள் செய்த எஞ்சின் வைத்த நம் வண்டிக்குத்தான் உடம்பு சரியில்லை. சிக்னலில் நின்றால் குளிர்காய்ச்சல் கண்டதுபோல் நடுங்குகிறது. மாற்றல் எப்போது? நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள் சிஸுரு

ஹிமேஜி
ஜூன் 7

அன்புள்ள சிஸுருவுக்கு,

நலம். மாற்றல் கேட்டுப் பார்த்தேன், மேலிடம் விடமாட்டேன் என்கிறது. நான் என்ன செய்ய?

நிற்க. வண்டியை எப்படி ஓட்டுகிறாய்? பழைய எஞ்சினில் பெட்ரோலும் காற்றும் வெளியே குழாயிலேயே கலந்து உள்ளே போகும். நம்முடையதில் காற்று மட்டும்தான் போகும். பெட்ரோலை ஊசித்துளை வழியாகச் சிலிண்டருக்குள்ளேயே பீய்ச்சுகிறோம். அந்தத் தூறல் ஆவியாகும்போது உள்ளிருக்கும் காற்று குளிரும். அதனால் அதை இன்னும் இறுக்கலாம், அதே பெட்ரோலில் கூடுதல் இழுவை கிடைக்கும். மெதுவாகப் போகும்போது தீப்பொறியின் பக்கத்தில் மட்டும் கொஞ்சம் பெட்ரோல் இருந்தால் போதும், மிச்சமெல்லாம் வெறும் காற்று. அந்தத் துளையின் கோணத்துக்கே எனக்கு மூன்று வருஷம் போயிற்று. இப்படிப்பட்ட எஞ்சின் காரணமில்லாமல் நடுங்காது.

தொமோஹிசா

தொயோஹாஷி
ஜூன் 11

அன்புள்ள கணவருக்கு,

எப்படி ஓட்டுகிறேனா? வாங்கிய அன்று "மெல்ல மிதிச்சா மெல்லக் குடிக்கும்"னு சொன்னது யார்? நீங்கள் செய்த எஞ்சினாயிற்றே என்று ரெண்டு வருஷமாகப் பூப்போலத்தான் மிதிக்கிறேன். கடைக்கு ரெண்டு கிலோமீட்டர், திரும்பி வர ரெண்டு. "உங்களை சைக்கிள்காரன் முந்திட்டுப் போறானே"ன்னு பக்கத்து வீட்டுக்காரி சிரிக்கிறாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து நீங்களே ஓட்டிப் பாருங்களேன்.

உங்கள் சிஸுரு

ஹிமேஜி
ஜூன் 15

அன்புள்ள சிஸுருவுக்கு,

தப்பு என்னுடையது. இத்தனை மென்மையாக ஒருத்தி ஓட்டுவாள் என்று இங்கே யாரும் சோதித்துப் பார்க்கவில்லை. சூடேறுவதற்குள் நிறுத்திவிடுவதால் உள்ளே கரி படிந்திருக்கிறது. நெடுஞ்சாலையில் ஏறி நூறு கிலோமீட்டர் வேகத்தில் ஒரு மணி நேரம் ஓட்டு. கரி எரிந்துவிடும். பயப்படாதே, அது அதற்காகவே செய்தது.

ஞாயிற்றுக்கிழமையும் எனக்குச் சோதனை இருக்கிறது. ஆகஸ்டு விடுமுறைக்கு வருகிறேன்.

தொமோஹிசா

தொயோஹாஷி
ஜூன் 21

தொமோஹிசா அவர்களுக்கு,

நேற்று ஓட்டினேன். முதல் அரை மணி கை நடுங்கியது, பிறகு வண்டியின் நடுக்கமும் நின்றது, என் நடுக்கமும் நின்றது. ஒரு மணி நேரத்தில் இறங்க மனம் வரவில்லை. ஹிமேஜிக்கே வந்துவிட்டேன்.

தொழிற்சாலை வாசலில் உங்கள் மேலாளர் குராமோச்சி நின்றிருந்தார். நான் யாரென்று சொன்னதும், "வாங்க வாங்க! வீடு பாக்க வந்தீங்களா? ரெண்டு தடவை ஊருக்குத் திரும்பிப் போகச் சொன்னோம், உங்க வீட்டுக்காரர்தான் முடியாதுன்னுட்டார். நீங்களே இங்க வந்துடுவீங்கன்னாரே!" என்றார். உங்களைக் கூப்பிடட்டுமா என்றும் கேட்டார். வேண்டாம் என்று திரும்பிவிட்டேன். உங்களுக்காகக் கொண்டுவந்த நம் ஊர் சிக்குவா மீன் பண்டத்தை வழியில் நிறுத்தி நானே சாப்பிட்டேன்.

கோபமில்லை என்று எழுதினால் பொய். ரொம்பக் கோபம். வர இஷ்டமில்லை என்று ஒரு வரி எழுதியிருந்தால் நாலு வருஷம் வாசலைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கமாட்டேன்.

போகவர அறுநூற்று நாலு கிலோமீட்டர், முப்பத்தெட்டு லிட்டர். நல்ல எஞ்சின், நீங்கள் சொன்னதில் பொய்யில்லை.

இத்துடன் இரண்டு தாள்கள். ஒன்று வண்டியை என் பெயருக்கு மாற்ற. மற்றது இன்று காலை நகராட்சியில் வாங்கிய விவாகரத்துத் தாள், கையெழுத்துக்கு என் பெயர் முத்திரையை வைத்துவிட்டேன். உங்கள் முத்திரையையும் வைத்து அனுப்புங்கள். நேரில் கொண்டுவர வேண்டாம், தபால் போதும்.

சிஸுரு