வேரில் காய்த்த சக்கை

தோவாளை
14 ஜூன் 2024

அன்புள்ள குளோரி,

அன்று நான் சொல்லாதது இதுதான்: எங்கள் ஊரில் சக்கை என்றால் பலாப்பழம்.

ஒரே ஒரு வரி. போனில் நீ என்னை பிளாக் செய்துவிட்டதால் தபாலில் எழுதுகிறேன். கோபப்படு, ஆனால் நடந்ததை என்னிடமே கேட்டுவிடு.

பள்ளி நூலகங்களுக்குப் படப் புத்தகம் தேர்ந்தெடுக்கும் குழுவில் நான் இருப்பது உனக்குத் தெரியும். எங்களுக்கு வரும் பிரதிகளில் எழுதியவர் பெயர் இருக்காது. உன் புத்தகத்துக்குப் பெயர் எதற்கு? முதல் பக்கத்திலேயே உங்கள் வீட்டு மரம் நிற்கிறது, ஒக்கிப் புயலில் விழுந்த அதே மரம். கிளை கிளையாகத் தேடியும் சக்கை கிடைக்காத சிறுமி, கடைசிப் பக்கத்தில் சருகை விலக்கி, வேரில் ஒன்றைக் காண்கிறாள். அந்தப் பக்கத்தை யாரும் உடனே மூடிவிடவில்லை. அது உனக்குத் தெரிய வேண்டும்.

பிறகு தலைவர் கேட்டார்: "சக்கைன்னா கரும்பைப் பிழிஞ்சு தூக்கிப் போடறதுதானே? அதை ஏன் இந்தப் பொண்ணு தேடுது?"

"மாட்டுக்குப் போட இருக்கும், மேடம்" என்றார் ஒருவர். சிரித்தார்கள். "படத்துல பலாப்பழம், எழுத்துல சக்கை. பிழைகூடத் திருத்தாம அனுப்பியிருக்காங்க." அத்தோடு முடிந்தது.

எழுதியவரைத் தெரிந்தவர்கள் அதைச் சொல்லிவிட்டு வெளியே போக வேண்டும் என்பது விதி. வாயைத் திறந்திருந்தால் என் முகமே காட்டிக்கொடுத்திருக்கும். அடுத்த ஆண்டும் அனுப்பலாம். ஒரு அடிக்குறிப்பு மட்டும் சேர்த்துவிடு.

உன் அம்மைக்குக் கால் வலி எப்படி இருக்கிறது?

உன்,
நந்தனா


குளச்சல்
20 ஜூன் 2024

நந்தனாவுக்கு,

போனில் திட்டினால் காற்றோடு போய்விடும். அதனால் நானும் தாளிலேயே எழுதுகிறேன்.

அம்மைக்குக் கால் வலி அப்படியேதான். உன் கடிதத்தை வாசிக்கச் சொன்னாள். பாதி வாசித்தேன்.

அடிக்குறிப்பா? முதலில் நான் பலாப்பழம் என்றுதானே எழுதியிருந்தேன். "ஏட்டி, உங்க வீட்டுல யாராவது பலாப்பழம்னு சொல்லுவாவளா? சக்கைன்னு எழுதுட்டி. நாம பேசுகது புத்தகத்துல வரண்டாமா?" என்றது யார்? எங்கள் அடுக்களையில் உட்கார்ந்து, சுளையைத் தின்றுகொண்டே சொன்னாய். இவ்வளவு படித்தவள் சொல்கிறாளே என்று எல்லாப் பக்கத்திலும் மாற்றினேன்.

உங்கள் குழுவில் இருக்கும் இசபெல் சிஸ்டர் தஞ்சாவூர்க்காரர். இங்கே பங்குப் பள்ளிக்கு மாற்றலாகி வந்திருக்கிறார். எழுதியது நான் என்று தெரியாமல், ஞாயிற்றுக்கிழமை கோயில் முற்றத்தில் என்னிடமே கேட்டார்: "உங்க ஊர்ல சக்கைன்னா என்னம்மா?" சொன்னேன். அவர் முகம் வாடிவிட்டது. "அந்த நாகர்கோவில் பக்கத்துப் பொண்ணுகிட்ட, உங்க பக்கம் சக்கைன்னு ஏதாவது உண்டான்னு தலைவர் நேரா கேட்டாங்களே. அப்படி நான் கேட்டதே இல்ல மேடம்னு சொல்லிச்சே" என்றார்.

சொல்லாததை எழுதியிருக்கிறாய். சொன்னதை எழுதவில்லை.

தேர்வானால்தான் அச்சிடுவோம் என்று பதிப்பகத்தில் சொல்லியிருந்தார்கள். இப்போது பேச்சே இல்லை. 'வேணும்னா சக்கை வேருலயும் காய்க்கும்' என்பாள் அம்மை. என் புத்தகத்தின் கடைசி வரியும் அதுதான். உனக்கு வேண்டியிருந்தது அந்தக் குழுவில் ஒரு நாற்காலி.

குளோரி


தோவாளை
27 ஜூன் 2024

குளோரி,

சிஸ்டர் சொன்னது உண்மை.

முதல் கூட்டத்தில் நான் இரண்டு வாக்கியம் பேசி முடிப்பதற்குள், "நீங்க மலையாளமா?" என்று கேட்டார்கள். கேலிகூட இல்லை, விசாரிப்புதான். அதன் பிறகு அந்த மேசையில் நான் நம் பேச்சைப் பேசியதில்லை. எங்கள் பக்கம் சக்கை உண்டா என்று கேட்டபோது, நீங்க மலையாளமா என்றுதான் மறுபடியும் கேட்பதாகத் தோன்றியது.

தலைவருக்கு எல்லாவற்றையும் எழுதிவிட்டு விலகிக்கொள்கிறேன். உன் பெயரைச் சொல்ல வேண்டிவரும். சரி என்று ஒரு வார்த்தை எழுது, போதும்.

நந்தனா


குளச்சல்
3 ஜூலை 2024

வேண்டாம். உன் தியாகத்தில் என் பெயர் வர வேண்டாம். பலா என்றே மாற்றிவிட்டேன். இனி எழுதாதே.

குளோரி


தோவாளை
12 செப்டம்பர் 2025

குளோரிக்கு,

எழுதாதே என்றாய். இது ஒன்றுதான், பதில் வேண்டாம்.

மார்ச் மாதக் கூட்டத்துக்கு உன் புத்தகம் மறுபடி வந்தது. மரம் அதே மரம். சக்கை இருந்த இடமெல்லாம் பலா. கடைசி வரி இருந்த இடத்தில் 'முயன்றால் எதுவும் கிடைக்கும்' என்று இருந்தது. "இப்பத்தான் தெளிவா இருக்கு" என்றார் தலைவர். பழைய வரி என் நாக்கு நுனியில் நின்றது. எழுதியவரை எனக்குத் தெரியும் என்று மட்டும் சொல்லிவிட்டு, எழுந்து வராந்தாவுக்குப் போனேன். இந்த முறை விதிப்படி நடந்துகொண்டேன். உள்ளே யாரும் சிரிக்கவில்லை.

புத்தகம் தேர்வாகி, அச்சாகி, போன வாரம் நான் பாடம் எடுக்கும் பள்ளிக்கும் வந்தது. இரண்டாம் வகுப்பில் வாசித்தேன். கடைசிப் பக்கத்தைத் திருப்பியதும் அஸ்வதி என்கிற பிள்ளை எழுந்து நின்று, "டீச்சர், சக்கை! வேருல சக்கை!" என்று கத்தினாள்.

"பலாப்பழம்" என்று திருத்தினேன்.

வகுப்பு முழுவதும் சேர்ந்து திருப்பிச் சொன்னது.

நந்தனா