தக்காளிப் படத்துக்கு மதிப்பெண் பெறாத என் மகளுக்கு மறுசோதனை கோரி

அனுப்புநர்:
ஏலம் கூறுபவர்,
மொத்தக் காய்கறிச் சந்தை.
('வெண்கலத் தொண்டை' என்று கேட்டால் காவலாளி கைகாட்டுவார்)

பெறுநர்:
கல்வி அதிகாரி அவர்கள்,
மழலையர் கல்விப் பிரிவு.

பொருள்: நான்கு வயது மகளின் பேச்சுத் திறனை அவளுக்குத் தெரிந்த மொழியில் மீண்டும் சோதிக்கக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய அம்மையீர்,

1. நான் மேற்படி சந்தையில் காய்கறி ஏலம் கூறிப் பிழைப்பவன். என் குரல் பின்வாசல் லாரி வரை கேட்கும். அப்படிப்பட்டவனின் மகளுக்குப் 'பேச்சு வளர்ச்சி போதாது' என்று தங்கள் துறை எழுதிக் கொடுத்திருக்கிறது. விஷயம் பரவியதிலிருந்து சுமை தூக்குபவர்கள் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். சிரிப்பு நியாயமானது என்பதால் அவர்கள்மீது புகார் ஏதும் இல்லை.

2. பள்ளியில் சேர்த்தபோது வகுப்பு ஆசிரியை, வீட்டிலும் தமிழை விட்டுப் பள்ளி மொழியையே பேசும்படி அறிவுறுத்தினார். குழந்தை சீக்கிரம் பழகிக்கொள்ளும் என்ற நல்லெண்ணத்தில்தான் சொன்னார். நானும் பெரிய மனிதனைப் போலத் தலையாட்டிவிட்டு வந்தேன். அம்மொழியில் எனக்குத் தெரிந்தவை காய்கறிகளின் பெயர்களும், எண்களும், சரக்கின் தரம் சொல்லும் வார்த்தைகளும் மட்டுமே. இது எனக்கே வீடு வந்த பிறகுதான் உறைத்தது.

3. ஆயினும் சொல் தவறவில்லை. காலையில் மகளை அம்மொழியில் "புது வரவு" என்று எழுப்பினேன். தலை சீவி முடித்ததும் "முதல் தரம்" என்று பாராட்டினேன். தட்டில் மிச்சம் வைத்தால் "அழுகல், ஒதுக்கு" என்றேன். மனைவியிடம் அன்பாக ஏதாவது சொல்ல நினைத்து, "ஈரமில்லை, தாராளமாக எடுக்கலாம்" என்றேன். "நீங்க பேசுறீங்களா, இல்ல சரக்கு இறக்குறீங்களா?" என்று அவர் தமிழில் கேட்டார். தமிழில் கேட்டதற்காக அவரைக் கண்டிக்க முயன்றேன். கண்டிப்பதற்கும் வார்த்தை கிடைக்காததால் கையை மட்டும் ஆட்டினேன்.

4. அதற்கு முன் வீட்டில் மகளுக்கு 'வாயாடி' என்றே பெயர். "அப்பா, வரிசையில கடைசியா வர்ற எறும்புக்கு, தான்தான் கடைசின்னு தெரியுமா?" என்று கேட்டவள். இப்போது அவள் வாய் திறக்குமுன் என் முகத்தைப் பார்க்கிறாள். தமிழ் வந்தால் அப்பா உதட்டில் விரலை வைப்பார் என்று அவளுக்குத் தெரியும்.

5. இந்நிலையில் சென்ற வாரம் பள்ளியில் பேச்சுச் சோதனை நடந்தது. குழந்தைகள் நாற்காலி ஒன்றில் என்னை மடக்கித் திணித்துக்கொண்டு நானும் உடனிருந்தேன். சோதனையாளர் தக்காளிப் படத்தைக் காட்டி, இது என்ன என்று பள்ளி மொழியில் கேட்டார். மகள் படத்தைக் கையில் வாங்கி, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, அதே மொழியில் "இரண்டாம் தரம்" என்றாள். மதிப்பெண் இல்லை. படம் வெளுத்துப் போயிருந்தது, என் அனுபவத்தில் அவள் சொன்னது சரியே. இதை எழுந்து நின்று அங்கேயே சொன்னேன், நாற்காலியும் என்னோடு எழுந்தது. பிறகு காட்டிய பூனைக்கும் குடைக்கும் அவள் வாய் திறக்கவில்லை. அடுத்த பருவத்தில் அவளைப் பேச்சுத் தாமதமானோர் வகுப்புக்கு மாற்றப்போவதாகத் தெரிவித்துள்ளனர்.

6. தங்கள் அலுவலக வாசலில் 'மனுக்கள் எம்மொழியிலும் ஏற்கப்படும்' என்று பலகை இருக்கிறது. அந்தத் தைரியத்தில்தான் இதைத் தமிழில் எழுதுகிறேன். தங்கள் மொழியில் எழுதியிருந்தால் மனு வெங்காயத்தைத் தாண்டியிருக்காது. எருமை மாதிரி வளர்ந்த எனக்குக் கிடைக்கும் சலுகை நான்கு வயதுக் குழந்தைக்கு ஏன் இல்லை என்பதே என் புகார். அவள் வகுப்பில் பாதிப் பிள்ளைகள் வெவ்வேறு வீட்டு மொழிக்காரர்கள். அவர்களும் வாய் மூடித்தான் உட்கார்ந்திருக்கிறார்கள்.

7. எனவே, தமிழ் தெரிந்த ஒருவரை உடன் வைத்து மறுசோதனை நடத்தவும், அதுவரை வகுப்பு மாற்றத்தை நிறுத்தி வைக்கவும், வீட்டு மொழியைக் கைவிடச் சொல்லும் அறிவுரையைத் திரும்பப் பெறவும் வேண்டுகிறேன். தண்ணீர் வேண்டும், வலிக்கிறது, பயமாக இருக்கிறது என்பதையாவது ஒவ்வொரு பிள்ளையின் மொழியிலும் ஆசிரியைக்குச் சொல்லித்தர ஏற்பாடு செய்யவும். பள்ளி மொழியை மகள் நன்றாகக் கற்க வேண்டும் என்பதே என் ஆசையும். என்னிடமிருந்து மட்டும் வேண்டாம்.

8. நேற்று அவள் மாடிப்படியில் விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டாள். ரத்தம் வந்தது. அழ வாயெடுத்தவள், "அம்மா" என்று கூப்பிடலாமா என்று என் முகத்தைப் பார்த்தாள். அம்மையீர், என்னால் தாங்க முடியவில்லை. தூக்கி மடியில் வைத்து, "என்ன கண்ணு, எங்க வலிக்குது, அப்பாகிட்ட சொல்லு" என்றேன். அழுகையும் பேச்சுமாக ஆரம்பித்தவள் தூங்கும்வரை நிறுத்தவில்லை. ஆகவே தங்கள் பதிலுக்குக் காத்திராமல் நேற்று முதல் வீட்டில் தமிழ் பேசிவருகிறோம் என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன். இதற்கு நடவடிக்கை உண்டென்றால் என்மீது எடுக்கவும். அவளைப் பேச விடவும்.

நாள்: திங்கட்கிழமை
இடம்: சந்தை, பின்வாசல்

இப்படிக்கு,
(ஒப்பம்)
வாயாடியின் அப்பா