கைதட்டாத பாராட்டு விழா

1972 அக்டோபர் 11, புதன்

காலையில் தூறல். கடலைக்காய் காயவில்லை. மூட்டைகள் கட்டில்மேல், மீதி நடுவீட்டில். நடக்க இடமில்லை.

ஞாயிறு டாக்டரம்மாவுக்குப் பாராட்டு விழா. நம்மூர் அந்தோணி மகள். பட்டணத்தில் வேலை கிடைத்தும் வேண்டாமென்று இந்த ஊர் ஆஸ்பத்திரிக்கே வந்தவர். அவசர கேஸ் என்றால் சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு ஓடி வருவார். வாழ்த்து மடல் எழுதிப் படிக்கும் வேலை என் தலையில். பஞ்சாயத்துத் தலைவர்: "நீங்கதானுங்களே தமிழ் வாத்தியாரு." வகுப்பில் புலி, மேடையில் எலி நான்.

வாங்க வேண்டியவை: சால்வை, மாலை, மடலுக்குக் கண்ணாடிச் சட்டம்.

எழுதிய மடலை மனைவி லூர்து படித்துவிட்டுச் சிரித்தாள். "எமனை விரட்டினவங்கன்னு எழுதியிருக்கீங்க. எமன் என்ன நம்ம கோயில்லயா இருக்கறான்?"

அக். 13, வெள்ளி

விடியும்போது லூர்துக்கு வயிற்றுவலி, வாந்தி. என் அக்கா: "நேத்து தின்ன கருவாடு சேரல." சுக்குக் கஷாயம் கொடுத்தோம். கொஞ்ச நேரத்தில் இமை தொங்கியது. பேச்சு குழறியது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. உரக்கடை வேனில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடினோம்.

டாக்டரம்மா இமையைப் பார்த்தார். "அண்ணே, கடலக்கா காலம். தரையிலயா படுத்தாங்க?"

ஆமாம். கட்டிலில் மூட்டைகள், அதனால் பாயில்தான்.

"கட்டுவிரியனுங்க. கடிச்ச தடமே தெரியாது."

விஷமுறிவு ஊசி ஏறுகிறது. ஆனால் மூச்சு குறைந்துகொண்டே வந்தது. தொண்டையில் குழாய், குழாயில் ரப்பர் பை. அதைக் கையால் அமுக்கினால்தான் லூர்துக்கு மூச்சு. எத்தனை நாளைக்கு? அவருக்கே தெரியாதாம். ஆண்டவரே.

அக். 14, சனி

வெயில். லூர்து கட்டை மாதிரி கிடக்கிறாள். கோயில் சாமியார் வந்து, சாகக் கிடப்பவர்களுக்குப் பூசும் அவஸ்தை எண்ணெயைப் பூசிவிட்டுப் போனார். அக்கா ஒப்பாரியே ஆரம்பித்துவிட்டாள். நடுவில், "தம்பி, அவ கம்மலக் கழட்டி வெய்யி."

டாக்டரம்மா சீறினார். "அவங்களுக்கு அத்தனையும் கேக்குதுங்க! ஒடம்புதான் அசையல. அழுவறவங்க வெளிய போங்க."

கேட்கிறதா? உள்ளே எல்லாம் கேட்டுக்கொண்டு, கத்தவும் முடியாமலா?

"காதுல எதாவது பேசுங்கண்ணே."

என்ன பேச? மாடு பால் கறந்தது, கடலைக்காய் காய்கிறது. அதற்குமேல் வரவில்லை. கடைசியில், "லூர்து, எனக்குப் பயமா இருக்கு" என்றேன். அதுதான் உண்மை.

பை அமுக்க நர்சம்மா, நான், டாக்டரம்மா மாற்றி மாற்றி. அவர் வீட்டுக்கே போகவில்லை.

அக். 15, ஞாயிறு

பந்தல் ரெடி, மைக் ரெடி. டாக்டரம்மா மட்டும் வரவில்லை. கேஸ் இருக்கிறது, வர முடியாது என்று சொல்லியனுப்பிவிட்டார். பூசை முடிந்து ஊரே ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டது. தலைவர் மாலை, சால்வையோடு வார்டுக்குள்.

"எந்திரிங்கம்மா, ரெண்டே நிமிசம்."

"மாலைய ஜன்னல்ல வெச்சுட்டு, கையக் கழுவிட்டு இங்க வாங்க. என் கை மரத்துப் போச்சுங்க. நீங்க மூச்சு இழுக்கறப்ப அமுக்கணும், விடறப்ப விடணும்."

தலைவருக்கு வேர்த்துக் கொட்டியது. ஆனாலும் அமுக்கினார். பின்னால் உரக்கடைக்காரர், மைக் செட்காரர், எல்லாரும் கை கழுவி வரிசையில். ஒவ்வொருவர் கையையும் பக்கத்தில் நின்று பார்த்தார் டாக்டரம்மா. என் முறை வந்ததும் நர்சம்மாவை நிற்கச் சொல்லிவிட்டு, சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். உட்கார்ந்தபடியே தூக்கம்.

தலைவர் சால்வையை மெல்ல அவர்மேல் போர்த்தினார். யாரோ கைதட்டப் போனார்கள். நர்சம்மா வாயில் விரலை வைத்தார்.

"மடலு படிக்கலீங்களா?" தலைவர் என் காதில்.

"கை காலியில்லீங்க."

அக். 16, திங்கள்

மழை. லூர்தின் கால் பெருவிரல் அசைந்ததாம். டாக்டரம்மா கூப்பிட்டுக் காட்டினார். எனக்குத் தெரியவில்லை. நம்பவும் பயம்.

அக். 19, வியாழன்

குழாயை எடுத்தாயிற்று. குரல் கரகரவென்று. முதல் பேச்சே, "ஒங்கக்காகிட்ட சொல்லுங்க, கம்மலு எங்காதுலயேதான் இருக்கும்." டாக்டரம்மாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

அவர் போனபின் என் கையைப் பிடித்தாள். "பயமா இருக்குன்னீங்களே. எனக்கும்தாங்க. நீங்க சொல்லவும், நான் மட்டும் தனியா இல்லன்னு இருந்துச்சு."

வீட்டுக்குப் போனதும் கட்டில்மேல் இருக்கும் மூட்டைகளை இறக்க வேண்டும்.