கோணல் காடியும் முனியப்பன் அரமும்

1943 நவம்பர் 8, திங்கள்
காலையிலிருந்து தூறல். பட்டறையில் லேத்து பெல்ட் ஈரத்தில் வழுக்கல். பெல்ட் பிடிக்கக் குங்கிலியப் பொடி வாங்க வேண்டும்.

பாலக்கோட்டுக் கரும்பாலைக்காரர் வந்து குதித்தார். பெல்ட் சக்கரப் புல்லியைத் தண்டோடு இறுக்கும் இரும்புச் சாவிக்கட்டை தேய்ந்துவிட்டதாம். சேலத்தில் வாங்கிய புதுச் சாவி அதற்காகப் புல்லித் துளைக்குள் நாங்கள் வெட்டிய காடிப் பள்ளத்தில் நுழையவில்லையாம். பழைய சாவியை மேசையில் எறிந்தார். ஒரு முனை தடிப்பு, மறு முனை மெலிவு.

முதலாளி, பொருத்தும் வேலை பார்க்கும் பிட்டர் முனியப்பனைக் கூப்பிட்டார். "ஏன்யா, இதான் நீ அரத்தால சாவி ராவுற லட்சணமா? நாளைலேர்ந்து வராத!"

முனியப்பன் என் பக்கமே திரும்பவில்லை. நான் வாய் திறக்கவில்லை. தூ!

9, செவ்வாய்
இங்காவது உண்மையை எழுதுகிறேன். காடி வெட்டுவது நான். கத்தி செருகிய கம்பியைப் புல்லித் துளைக்குள் தள்ளித் தள்ளி இழுப்பேன். கம்பி விரல் தடிமன், முழ நீளம். ஒரு பக்கம்தான் பிடிப்பு. மறு முனை வளைந்துகொடுக்கும், உள்ளே போகப் போகக் காடியின் ஆழம் குறையும். அந்தக் கோணலுக்குத் தக்கபடி சாவியைக் கோணலாக ராவிப் பொருத்தியது முனியப்பன். ஐந்து வருஷம். ஒரு நாளும் சொல்லிக்காட்டியதில்லை.

முதலாளியிடம் தடிக் கம்பி மூன்று முறை கேட்டேன். "சண்டைக் காலத்துல இரும்புக்கு எங்க போறது?" அவர் வீட்டு ஊஞ்சலுக்கு மட்டும் கிடைத்ததே!

11, வியாழன்
மழை. யாரையும் கேட்காமல், வளையாத கம்பி ஒன்று செய்ய ஆரம்பித்துவிட்டேன்.
– உடைந்த எஞ்சின் தண்டு: தடிக் கம்பிக்கு.
– கம்பியின் மறு முனை தாங்கி ஓடப் பித்தளை வளையம்.
– கத்தியை மட்டும் முன்தள்ள ஒரு திருகு. கம்பி இம்மியும் விலகக் கூடாது.

சாயங்காலம் கம்பைநல்லூர். முனியப்பன் வீடு. "மன்னிச்சிருங்கண்ணா" என்றேன்.

"அன்னிக்கே பேசியிருந்தா உன்னையுந்தான் தொரத்தியிருப்பாரு. மொதல்ல நேரா வெட்டிக் காட்டு, அப்பறம் எனக்காவப் பேசு."

திட்டியிருந்தால் தேவலை. என் மேலேயே ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது.

13, சனி
வெயில். கரும்பாலைப் புல்லியில் காடியை மறுபடி வெட்டினேன். இரு முனையிலும் ஒரே ஆழம். சேலத்துச் சாவி அப்படியே இறங்கியது.

முதலாளி தடவிப் பார்த்தார். "முனியப்பன் போன பொறவு வேல நேராயிடுச்சு, பாத்தியாப்பா?"

சொல்லிவிட்டேன். "கோணலா வெட்டுனது நானுங்க. அவுரு ராவுனதாலதாங்க இத்தன நாளு ஓடுச்சு. அவரத் திரும்பக் கூப்புடுங்க."

"அதான் நேரா வெட்டிட்டியே. இனி ராவுறதுக்கு ஆளு எதுக்கு? அடுத்த புல்லிய மாட்டு."

மாட்டினேன்.