பிரேக்கில் வைத்த ரட்சை

ஜூன் 14, 2025, சனி

இன்றும் மகள் ஷாமினி சைக்கிளைத் தொடவில்லை. ஜனவரியில் காப்பார் சாலையில் ஒரு கார் அவளை உரசித் தள்ளிவிட்டு நிற்காமல் போனது. தோள் எலும்பு கூடிவிட்டது, எல்லாம் சரி என்கிறார் டாக்டர். ஆனால் பின்னால் ஹார்ன் கேட்டால் அந்தத் தோள் இன்னும் காதுவரை ஏறிவிடுகிறது. பத்தொன்பது வயதுப் பிள்ளை, கடைக்கு நடந்து போனாலும் சுவரை ஒட்டியே போகிறாள்.

நான் துறைமுகத்தில் கண்டெய்னர் லோரி ஓட்டுகிறவன். ஹார்ன் அடித்தே பிழைப்பவன். என் வீட்டில் இப்படி.

ஜூன் 17, செவ்வாய்

சைக்கிள் கடை லோகனைப் பார்த்தேன். "அண்ணே, காரே வராத பாதை இருக்கு. கோலகுபு பாரு பக்கம் மலையில, முன்ன காட்டு மரம் ஏத்திக்கிட்டு பாலாக் லோரி போன ரோடு. இப்ப இரும்புத் தடுப்பு போட்டு அடைச்சாச்சு. நடக்கிறவங்களும் சைக்கிளும்தான் நுழைய முடியும். கல்லு, மண்ணு, குரங்கு. குரங்கு ஹார்ன் அடிக்காது லா!"

அதற்கென்றே தடித்த டயர் போட்ட சைக்கிள் இருக்கிறதாம். கிரேவல் பைக் என்கிறான். ஷாமினியிடம் சொன்னேன். முடியாது என்று சொல்லவில்லை. "நெஜமாவே ஒரு வண்டிகூட வராதா பா?" என்று மட்டும் கேட்டாள். சாப்பிடும்போது மறுபடி கேட்டாள். படுக்கப் போகும்போதும்.

ஜூன் 22, ஞாயிறு

புது சைக்கிள் வந்தாயிற்று. எனக்கு லோகன் ஒரு பழையதை இரவல் கொடுத்தான். காப்பாரில் செம்பனைத் தோட்டத்து மண் பாதையில் பழகினோம். என் வயிற்றுக்கும் ஹேண்டில்பாருக்கும் ஒத்துப் போகவில்லை. முதல் திருப்பத்திலேயே கால்வாயில் இறங்கிவிட்டேன், சைக்கிளோடு. நாற்பது அடி டிரெய்லரைப் பின்னால் எடுத்து நிறுத்துகிற எனக்கு இந்த மரியாதை. ஷாமினி சிரித்தாள். சத்தமாக. ஜனவரிக்குப் பிறகு இப்போதுதான்.

என் மனைவி நிரஞ்சனிக்குத்தான் மனசே இல்லை. "ரோட்டுல விழுந்தது பத்தாதுன்னு மலையில வேறயா?" என்றாள்.

ஜூன் 27, வெள்ளி

கடைசியில் நிரஞ்சனி ஒரு நிபந்தனையோடு இறங்கி வந்தாள். "பூசை போடாம அந்த சைக்கிள் வாசல் தாண்டக்கூடாது."

நானே போட்டேன். வருஷா வருஷம் ஆயுத பூசைக்கு லோரிக்குப் போடுகிறவனாயிற்றே. சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம், ஹேண்டிலுக்கு மாலை, சந்தனம், குங்குமம். கோயிலில் போன வாரம் கணபதி ஹோமம். அதில் எரிந்த கரியை நெய்யில் குழைத்துத் தந்த ரட்சை ஒரு சின்ன டப்பாவில் இருந்தது. காத்து கருப்பு அண்டாமல் காக்கிற பொட்டு. எங்கே வைப்பது என்று யோசித்தேன். மலை இறக்கத்தில் பிள்ளையைக் காப்பாற்றப் போவது எது? பிரேக்தானே. இரண்டு சக்கரத்திலும் பிரேக் பிடிக்கிற வட்டத் தகட்டில், பளபளவென்று இருந்த இடத்தில், தாராளமாக வைத்தேன். சக்கரத்தைச் சுற்றிவிட்டுக் கும்பிட்டேன்.

நிரஞ்சனிக்குத் திருப்தி. எனக்கும்தான்.

ஜூன் 28, சனி

படுத்தவன் எழுந்து விளக்கைப் போட்டேன். நடந்ததை எழுதிவிடுகிறேன்.

காலையில் தடுப்பைத் தாண்டி நுழைந்தோம். உள்ளே போனதும் சாலைச் சத்தம் அப்படியே அறுந்து போனது. ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் பள்ளம், நடுவில் சரளைக் கல். ஏற்றம் முழுக்க நான் தள்ளிக்கொண்டுதான் போனேன். அவள் ஏறிக்கொண்டே இருந்தாள். தோள் இறங்கியிருந்தது. பின்னாலிருந்து நான் அதைத்தான் பார்த்துக்கொண்டு போனேன்.

"பிரேக் லேசா கீச்சுன்னு கத்துது பா," என்றாள் நடுவில். "புதுசு லா, பழகிடும்," என்றேன். பெரிய மெக்கானிக் நான்.

உச்சியில் ரொட்டி சாப்பிட்டு இறங்க ஆரம்பித்தோம். முதல் வளைவு சரி. அடுத்தது செங்குத்து. அவள் வேகம் ஏறிக்கொண்டே போனது. "மெதுவா மா!" என்றேன். அவள் திரும்பவில்லை. அப்புறம்தான் அந்தக் குரல்.

"அப்பா! பிரேக் புடிக்கல! ரெண்டுமே புடிக்கல!"

நான் என்ன கத்தினேன் தெரியுமா? கியரைக் குறை! கியரைக் குறை! லோரிப் புத்தி. சைக்கிளுக்கு அது எதுக்கு ஆகும்? மலைப் பக்கம் சாயுன்னு கத்தினேன். பள்ளத்தைப் பாக்காதேன்னு கத்தினேன். வளைவுல திரும்பிட்டா. கண்ணுக்குத் தெரியல. கல்லு சிதறுற சத்தம், அப்புறம் ஒண்ணுமே இல்ல. முருகா, எம்புள்ளய... எப்படி இறங்கினேன்னே தெரியல.

மலைப் பக்கத்துப் புதரில் சைக்கிள் செருகிக் கிடந்தது. அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். முழங்காலில் சிராய்ப்பு, கையில் முள் கீறல். எலும்பு எதுவும் முறியவில்லை. நான் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன்.

"விடுங்க பா. நானாத்தான் புதர்ல விட்டேன்."

"நான் கத்துனது கேட்டுச்சா?"

"காத்துச் சத்தம்தான் கேட்டுச்சு."

கொஞ்ச நேரம் கழித்து எழுந்து போய் அந்தத் தகட்டை விரலால் தடவினாள். விரல் கறுப்பானது. முகர்ந்து பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"அப்பா... இது நெய்யா?"

ஆமாம் என்றேன். பிரேக்கில் எண்ணெய்ப் பசை படக்கூடாது என்று புதுப் பையன்களுக்கு நானே பாடம் எடுத்திருக்கிறேன். ஆனால் ரட்சையை நான் ரட்சை என்றுதான் பார்த்தேன். நெய்யென்று தோன்றவே இல்லை. லோரியில் பிரேக் உள்ளே மூடிக் கிடக்கும், எங்கே பொட்டு வைத்தாலும் ஆபத்தில்லை. இது திறந்து கிடக்கிறது.

கீழே வரைக்கும் இரண்டு பேரும் தள்ளிக்கொண்டே வந்தோம். அவள் எனக்கு முன்னாலேயே போனாள். காரில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வீட்டில் நிரஞ்சனி சிராய்ப்பைப் பார்த்துப் பதறி, பிறகு நெஞ்சில் கை வைத்துக்கொண்டு சொன்னாள்: "நல்ல வேளை ரட்சை வச்சு அனுப்பினோம். இல்லன்னா என்ன ஆயிருக்கும்?"

ஷாமினி என்னைப் பார்த்தாள். நான் மீன் தொட்டியைப் பார்த்தேன்.

ஜூன் 29, ஞாயிறு

அவள் அறையை விட்டு வரவில்லை. நான் இரண்டு முறை கதவு வரைக்கும் போனேன்.

ஜூலை 1, செவ்வாய்

சைக்கிளை லோகனிடம் கொண்டு போனேன். கேட்டுவிட்டு உட்கார்ந்து சிரித்தான். "பிரேக்கைக் கும்பிடலாம் அண்ணே, நெய் அபிஷேகம் பண்ணக்கூடாது லா!" பிறகு என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். தகட்டைத் துடைத்து, உள்ளே பிடிக்கிற கட்டைகளை மாற்றிப் போட்டான். "புள்ள மறுபடி ஓட்டுமா?" என்றான்.

அதைத்தானே நானும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். கார்க்காரன் பாதியைக் கெடுத்தான். மீதியை நான் கெடுத்துவிட்டேனா?

ஜூலை 3, வியாழன்

சைக்கிள் கூடத்தில் நிற்கிறது. அதைச் சுற்றிக்கொண்டு அடுப்படிக்குப் போகிறாள். தொடவில்லை. நிரஞ்சனி அதை விற்றுவிடலாம் என்கிறாள்.

ஜூலை 5, சனி

காலையில் தண்ணீர் குடிக்க எழுந்தேன். ஷாமினி தரையில் உட்கார்ந்து, சக்கரத்தைச் சுற்றிப் பிரேக்கைப் பிடித்துப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். நின்றுவிட்டேன்.

"பா, அன்னிக்குப் பின்னாடி என்ன வருதுன்னு நான் நெனைக்கவே இல்ல."

"என்ன மா?"

"முன்னாடி எங்க விடுறதுன்னுதான் பார்த்தேன். பயந்தேன். ஆனா பார்த்தேன்." சக்கரத்தை மறுபடி சுற்றினாள். "இனிமே இதுல நீங்க எதையும் தொடக்கூடாது. சரியா?"

சரி என்றேன்.

ஜூலை 19, சனி

அதே மலை. அதே வளைவு. அவள் நிறுத்தி நிறுத்தி இறங்கினாள். நான் கத்தவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டிருந்ததில் தாடை வலிக்கிறது.

ஆகஸ்ட் 16, சனி

இன்று லோகன் கடைக்கு வருகிற பெண்களோடு மலைக்குப் போகிறாள். என்னைக் கூப்பிடவில்லை. "நீங்க லேட்டாக்கிடுவீங்க பா." உண்மைதான்.

கடை வரைக்கும் காரில் ஏற்றிக்கொண்டு போகலாமே என்று சாவியை எடுத்தேன். வேண்டாம் என்று தலையாட்டினாள். ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு கேட்டைத் திறந்து, பெரிய ரோட்டுப் பக்கம் மிதித்தாள்.

வெளியே ஓடி வந்தேன். சந்து முனையில் ஒரு லோரி வந்துகொண்டிருந்தது. ஹார்ன் அடித்தான். அவள் தோள் லேசாக ஏறியது. ஒரு காலை ஊன்றி நின்றாள். லோரி போகட்டும் என்று விட்டாள். பிறகு இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு அதன் பின்னாலேயே ரோட்டில் ஏறிப் போய்விட்டாள்.

செருப்பில்லாமல் நின்றுகொண்டிருந்தேன். எதிர்வீட்டு ஆன்டி, "என்ன தேடுறீங்க?" என்றார். ஒன்றுமில்லை என்றேன்.