ஒரு புருஷனுக்கு ஒரு வீடு

அன்புத் தங்கச்சி அகேயோவுக்கு, நைரோபியிலிருந்து மூத்த தாரம் அவுவோர் எழுதுவது. நீயும் நம் வீட்டுக்காரரும் என் பேரப்பிள்ளைகளும் சுகந்தானே? எனக்கு முழங்கால் வலி மட்டும்தான்.

அணைக்கு நம் ஊர் நிலத்தை எடுக்கும் அலுவலகத்துக்குப் போய்வந்தேன். பயப்பட ஒன்றுமில்லை. மாற்று வீடு ஒரு புருஷனுக்கு ஒன்றுதானாம்.

"ரெண்டு பொண்டாட்டிக்கும் ஒரே அடுப்பா தம்பி? சண்டை வந்தா விலக்கிவிட நீ வருவியா?" என்றேன்.

அங்கிருந்த குமாஸ்தா சிரித்தான். "உங்க வீடு பூட்டிக் கெடக்கும்மா. ஆள் இல்லாத வீடு கணக்குல வராது."

அந்த வீட்டுக்குத் தகரம் போடத்தான் இங்கே அடுத்தவர் வீட்டில் சமைக்கிறேன் என்று அவனிடம் சொல்லவில்லை.

அடுத்த வாரம் மறுபடியும் நம் வீடுகளைப் பார்க்க வருவார்களாம். தினமும் சாயங்காலம் என் அடுப்பில் தீ மூட்டு. என் துணி இரண்டைக் கொடியில் போட்டுவை. பஸ்ஸில் கொஞ்சம் கருவாடு கொடுத்தனுப்பு. இங்கே விற்பதெல்லாம் மண்.

நம்மில் பெண்டாட்டியை அவள் வீட்டுக்குப் பக்கத்தில்தானே புதைக்கிறோம். வீடே இல்லாதவளை எங்கே புதைப்பார்கள்?

எஜமானி கூப்பிடுகிறாள். அப்படியும் ஒரே வீடுதான் என்றால் உன் பேரில் எழுதிக்கொள். உன் பக்கத்தில் எனக்கும் கொஞ்சம் இடம் விடு. நான் கேட்டதாக யாரிடமும் சொல்லாதே.

அவுவோர்